மஞ்சள் பூசிய அடிக்கல்

நகரசபையில் எனக்குக் கிடைத்தது எழுதுவினைஞர் வேலை. ஆனால் டவுனில் பாதிப் பேருக்கு என்னைத் தட்டுப் பிடிக்கிற பிள்ளையாகத்தான் தெரியும். நாடா வெட்டுகிற கத்தரிக்கோல், கல் நாட்டுகிற சாந்துக் கரண்டி, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சேலை கட்டி அசையாமல் நிற்கத் தெரிந்தவள் என்று சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். அதிலும் ஒரு வசதி இருந்தது. மற்ற எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தட்டுப் பிடிப்பவள் பெரிய மனிதரின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நானோ பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

நான் அதிகம் சந்தேகப்பட்ட பெரிய மனிதரை முதன்முதலில் பார்த்ததும் தட்டோடுதான். அப்போது அவர் சாதாரண நகரசபை உறுப்பினர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பொதுக் கழிப்பறைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்கும் அவர் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வந்திருந்தார். ராகு காலம் முடியட்டும் என்று எல்லோரையும் தூறலில் நிறுத்தி வைத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை. நேரம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கழிப்பறைக்கு வைக்கிற கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. கழிப்பறைக்கே இவ்வளவு பக்தி காட்டுகிறவர் மனதில் வேறு ஏதோ திட்டம் இருக்கிறது என்று அன்றே முடிவு கட்டினேன்.

அடுத்த தேர்தலில் அவர் எங்களுக்குச் சேர்மன் ஆனார். வந்த வாரமே ஆபிசில் பெண்கள் எல்லோரும் சேலைதான் கட்ட வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் சாமிப் படத்துக்கு விளக்கேற்றாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. புதிதாக எதையாவது செய்யலாம் என்று யாராவது வாயெடுத்தால், “அவசரப்படக் கூடாது, இதுக்கு முன்னால எப்படி நடந்துச்சுன்னு பாருங்க” என்பார். ஆபிஸ் தேத்தண்ணியைத் தொட மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டு வருவார். சபை வாகனத்தில் மனைவியை ஏற்ற மாட்டார். இப்படி ஒரு சேர்மனை நாங்கள் கண்டதில்லை. கண்டதில்லை என்பதாலேயே நான் அவரை நம்பவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடை இருந்தது. விழாக்களுக்குப் பொன்னாடை அங்கேதான் எடுப்போம். போகும்போதெல்லாம் அவரிடம் சேர்மனைப் பற்றித் தூண்டில் போட்டுப் பார்ப்பேன். அவரோ முழக்கோலை மேசையில் வைத்துவிட்டுச் சிரிப்பார்.

“மகள், ஒங்களுக்கு இந்தச் சந்தேகம் ஒரு வருத்தம். மருந்து எடுங்க” என்றார் ஒருநாள்.

“அப்ப அவரு நல்லவர்ங்கிறீங்களா, மொதலாளி?”

“நான் துணி விக்கிறவன். ஆளை எல்லாம் அளக்கிறல்ல.”

பிறகு சேர்மன் பாராளுமன்றம் போனார். கொழும்புக்குப் போனால் வேட்டி கால்சட்டையாகும், ஆள் மாறுவார், அப்போது சாயம் வெளுக்கும் என்று காத்திருந்தேன். அவர் மாறவில்லை. டிவியில் பார்த்தபோதும் அதே வேட்டி, அதே பட்டை. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் பேச்சு வந்தபோது, தாய்மாரைத் தெருவுக்கு இழுக்காதீர்கள் என்று பேசினார். தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார். தோட்டத்து வரிசை அறைகளான லயத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரே கூரையின் கீழே சொந்தபந்தம் ஒன்றாக இருக்கிற அருமை தனி வீட்டில் கிடைக்குமா என்று திருப்பிக் கேட்டார். டவுனில் மாடி வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் லயத்தில் பிறந்தவள். அந்தக் கூரையின் கீழே சுவர் ஒட்டிய அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் நாங்கள் விழித்துக்கொள்வோம்.

அந்தக் காம்பராவில் இப்போது என் அக்கா இருக்கிறாள். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வருவார். அக்கா மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. ஒரு மழைக் காலத்தில் லயத்துக்குப் பின்னால் மேட்டில் தரை வெடித்தது. முதலில் விரல் நுழைகிற அளவு இருந்தது. அடுத்த மழையில் கோழி ஒன்று உள்ளே விழுந்தது. அடுத்த மழையில் அக்காவின் பின்சுவரும் கூரையிலிருந்து தரைவரை பிளந்தது. மண்சரிவு பார்க்கிற ஆபிசர்மார் வந்து, சுவரில் சிவப்பு மையால் அடையாளம் போட்டு, மழை பிடித்தால் இங்கே ஒருவரும் இருக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே இருப்பது என்பதை அவர்கள் சொல்லவில்லை. லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படுத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி அதே லயத்துக்கு ஏறினார்கள். டவுனில் வாடகை அறையில் படுத்திருக்கும் நான் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அக்காவுக்கு ஒரு தனி வீடு வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு அரசியல் கிடையாது.

இடமும் இருந்தது. ரோட்டோரமாக, பழைய தேயிலை நர்சரி இருந்த மட்டமான துண்டு. மண் அசையாத இடம் என்று அதே ஆபிசர்மார் சொன்னார்கள். தோட்டத்து மேனேஜரான தொரையும் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். லயத்து ஆட்களுக்கெல்லாம் தனி வீடு கட்ட அடிக்கல் நாட்டுவதற்கு நம் எம்.பி. நல்ல நாள் பார்த்து வந்தார். தட்டுப் பிடிக்க என்னையும் கூப்பிட்டார்கள். பூசாரி குழியில் நவதானியமும் பூவும் போட்டார். ஓரத்தில் அக்கா புதுப்பானை வைத்துப் பால் பொங்க வைத்தாள். பால் கிழக்கே வழிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். எம்.பி. செருப்பைக் கழற்றி, கல்லை இறக்கி, சாந்து பூசி, கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சந்தேகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நர்சரித் துண்டில் கல் மட்டும் இருந்தது, சுற்றிலும் புல் வளர்ந்தது. நான் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறிக் கந்தோர் கந்தோராக அலைந்தேன். பைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே கேட்டால் கீழே வந்துவிட்டது என்றார்கள். எம்.பி.யிடம் நேரில் கேட்டால், “முறைப்படி வரும்மா” என்பார். அவருடைய போனுக்கு யார் எடுத்தாலும் அவரே பேசுவார். அதுவும் எனக்கு ஒரு சந்தேகம். எந்த அரசியல்வாதி தன் போனைத் தானே எடுக்கிறார்?

ஒருநாள் நானுஓயா ஸ்டேஷனில் அவரைக் கண்டேன். கோட்டுப் போட்ட ஒரு கொழும்பு ஆளோடு நின்று மலைப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரோட்டோர மட்டமான நிலம், வெள்ளைக்காரன் வந்து தங்க ஹோட்டல், அதற்காகத்தான் இவ்வளவு இழுப்பு. வேர்க்க விறுவிறுக்க ஓடிப் போய்த் துணிக்கடை முதலாளியிடம் சொன்னேன். அவர் விசாரித்துச் சொன்னார். அந்தக் கோட்டுக்காரர் டவுன் கோயிலுக்கு வெண்கல மணி செய்து தருவதாக நேர்ந்துகொண்டவராம். எம்.பி. கையைக் காட்டியது கோயில் கோபுரத்தை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மணியைக் கண்ணால் பார்க்கும்வரை நம்பவில்லை.

இதற்கிடையில் நர்சரித் துண்டில் வேறொன்று நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனபோது அடிக்கல்லில் மஞ்சள் பூசியிருந்தது. அடுத்த முறை குங்குமமும் ஒரு முழம் சிவப்புத் துணியும். தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் காட்டுப் பூவைக் கிள்ளி அதன் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு எலுமிச்சம்பழம் குத்திய சூலம் ஒன்று முளைத்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதாம். ஒருத்தி தொலைத்த தோடு கிடைத்ததாம். தகரக் கூரை வந்தது. வெள்ளிக்கிழமை பூசை வந்தது. பெயரும் வந்தது: நர்சரி அம்மன். எங்கள் ஆட்களுக்குக் கல்லை வெறும் கல்லாக விட்டுவைக்கத் தெரியாது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சக்கரம் சுற்றினால் அதற்கு ஒரு முனி, ஆற்றுக்குப் பாலம் போட்டால் அதற்கு ஒரு மாடசாமி. நவதானியம் போட்டு, பால் பொங்கி, குலவை போட்டு, ஒரு பெரிய மனிதர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்ட கல்லை எப்படி விடுவார்கள்?

ஆனால் முதல் மஞ்சளைப் பூசியது யார்? அதுதான் என்னைக் குடைந்தது. எம்.பி.க்குப் பின்னாலேயே குடை பிடித்துத் திரிகிற, தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் ஒருவர் இருந்தார். அவர் வேலைதான் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். சாமியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டால் வீடு கேட்கிற வாய் தானாக மூடிக்கொள்ளும் அல்லவா?

அடுத்த ஆண்டு எம்.பி. பிரதி அமைச்சர் ஆனார். டவுனில் வெடி போட்டார்கள். சொல்லி வைத்த மாதிரி வீட்டுத் திட்டத்துக்கு அனுமதியும் வந்தது. நில அளவைக்கு ஒரு சிங்கள ஆபிசர் வந்தார். கம்பை ஊன்றப் போனவர் தகரக் கூரையையும் சூலத்தையும் பார்த்துவிட்டு நின்றார்.

“மேக்க தேவாலயக்த?” என்று என்னிடம் கேட்டார். இது கோயிலா என்று கேட்கிறார்.

நான் பதில் சொல்வதற்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். கம்பு ஊன்றவில்லை.

செய்தி போய், பிரதி அமைச்சரே நேரில் வந்தார். ஜீப்புகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. லயத்து ஆட்கள் எல்லோரும் இறங்கி வந்திருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் தட்டோடு நின்ற நான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது.

“இது என் கையால வச்ச கல்லு,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “இதுல அம்மா வந்து ஒக்காந்துட்டா. அம்மா ஒக்காந்த எடத்துல அடுப்படியும் கக்கூசும் கட்டுறது முறையில்ல. வீடு எங்க போயிடப் போகுது? வேற எடம் பாப்போம். மொதல்ல அம்மாவுக்கு ஒரு கோயிலக் கட்டுவோம்.”

குலவை மலையில் மோதித் திரும்பியது. பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். அவர் தட்டிலிருந்து கரண்டியை எடுத்தார். எவ்வளவு அழகாக முடித்துவிட்டான் மனுஷன் என்று உள்ளுக்குள் கொதித்தேன். கூட்டத்தில் அக்காவும் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க முடியாது.

கோயில் மளமளவென்று எழும்பியது. சீமெந்துத் தரை, நல்ல சுவர், கூரைத் தகடு, முன்னால் பஜனை பாட ஒரு மண்டபம். வீட்டுக்குப் பார்த்த வேறு இடத்தை ஆபிசர்மார் சரிவு என்று தள்ளினார்கள். அதற்கடுத்த இடத்துக்குத் தொரை சம்மதிக்கவில்லை.

நான் விடவில்லை. தோட்டத் தலைவரை மறித்து, “மொத மஞ்சளப் பூசுனது நீங்கதானே, உண்மையச் சொல்லுங்க” என்று கேட்டேன்.

“ஏம்மா என்னையப் போட்டு இழுக்குறீங்க?” என்று எரிச்சல்பட்டார். “நான் பாக்கறப்பவே மஞ்ச இருந்துச்சு. ஒங்க அக்காவக் கேளுங்க. அவங்கதான் விடியக்காத்தால பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறப்ப அந்தப் பக்கமா போவாங்க.”

அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டதும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“நாந்தாண்டி பூசுனேன்.”

“எதுக்குக்கா?”

“வீடு வரணும்னு வேண்டிக்கிட்டேன். ஒங்கிட்ட கேட்டா பைலு மேல போயிருக்குங்கிற. அவருகிட்ட கேட்டா முறைப்படி வரும்ங்கிறாரு. கல்லு ஒண்ணுதான் அங்கேயே இருந்துச்சு. அதுகிட்ட கேட்டேன்.”

இத்தனை நாளும் ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் என் அக்காவைச் சந்தேகப்பட்டதே இல்லை. அன்றைக்கு அவள் வைத்த சோற்றைச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த மழைக்கு அந்தக் கோயில் உதவியது. மழை பிடித்தால் லயத்து ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்கு இறங்கினார்கள். பிரதி அமைச்சரே போன் பண்ணி, தாராளமாகத் தங்கட்டும் என்று பூசாரியிடம் சொன்னார். போர்வையும் அனுப்பினார். எப்படியோ ஒரு கூரை கிடைத்ததே என்று நானும் மூச்சு விட்டேன்.

போன மழையில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். பிற்பகலில் பள்ளிக்கூடத்துப் பக்கம் மண்மேடு இறங்கி ரோடு அடைபட்டது. டவுன் பஸ்ஸும் இல்லை. நானும் மண்டபத்திலேயே தங்குவது என்று முடிவானது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. பெண்கள் கல் கூட்டித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகள் அக்காவின் காதில் என்னவோ சொன்னாள். அக்கா பாயைச் சுருட்டினாள்.

“எங்கக்கா?”

“மேல, லயத்துக்கு. புள்ள தீட்டாயிட்டா.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினேன். “சுவரு வெடிச்சுக் கெடக்கு, இந்த மழையில அங்கயா கூட்டிட்டுப் போற? அந்த மூலையில படுக்கட்டும். யாரு பாக்கப் போறா?”

“சாமி எடம்டி. நான் கும்பிட்டு வந்த சாமி.”

“கண்டாக்கையா வீட்டுல கேப்போம்.” தோட்டத்து மேற்பார்வைக்காரரான அவருக்குத் தனி வீடு இருந்தது.

“தீட்டோட யாரு வீட்டுக்குப் போறது?”

மற்றப் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர்களும் அதில் இருந்தார்கள். எல்லோரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை ஒரு தூணில் சாய்ந்து தலையைக் குனிந்து நின்றாள், தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், இந்தத் தோட்டத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

வழக்கம்போல அவரே எடுத்தார். விசயத்தைச் சொன்னேன். இதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் இதை இவ்வளவு பச்சையாக அவரிடம் பேசியிருக்க மாட்டாள்.

“நான் ஜீப் அனுப்பட்டுமாம்மா?” என்றார்.

“ரோடு அடைபட்டிருக்குங்க, ஐயா. நீங்க பூசாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

“அது நான் சொல்ற விசயமாம்மா?” குரல் உடைந்தது. “பெரியவங்க வச்ச வழக்கம். அத மாத்த நான் யாரு? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அம்மா முன்னால போய் நிப்பேன்? புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நான் இப்பவே சாமி அறையில ஒக்காந்து வேண்டிக்கிறேன்.”

அந்தக் குரலில் நடிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். நகரசபையில் தேடினேன், நானுஓயாவில் தேடினேன், பாராளுமன்றப் பேச்சில் தேடினேன், அன்றைக்கும் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் உண்மையிலேயே போய் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் திருடனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திருடனிடம் பேரம் பேசலாம், மிரட்டலாம், நாலு பேர் முன்னால் நாறடிக்கலாம். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது.

அக்காவும் மகளும் படி ஏறத் தொடங்கியிருந்தார்கள். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். வழியெல்லாம் மண்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காம்பராவில் ஒருவரும் இல்லாத குளிர். சுவர் வெடிப்பில் கையை வைத்துப் பார்த்தேன், ஈரம் கசிந்தது. பிள்ளை உடுப்பு மாற்றிக்கொண்டு அடுப்போரம் குந்தினாள். அக்கா குப்பி விளக்கை ஏற்றினாள்.

“அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“நீ சொன்னதையேதான் அவரும் சொன்னாரு” என்றேன்.

அக்காவின் முகம் தெளிந்தது. “நல்ல மனுசன்” என்று சொல்லிவிட்டு, “அந்தப் பக்கம் பிடி” என்று என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேருமாகக் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம்.